காசித்தும்பை சொன்ன பொய்

அத்தியாயம் ஆறு

முடித்துவிட்ட வழக்கிலிருந்து மறுபடி போன் வருவது மேடத்துக்குப் பிடிக்காது. அதுவும் முதல் டீ குடித்து முடிப்பதற்குள்.

"யாரு?" என்றார்.

"புரொஃபசர், மேடம். நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துட்டாராம். நம்ம ரெண்டு பேரையும் உடனே பார்க்கணுமாம்," என்றான் லொள்ளு, போனைக் கையால் பொத்திக்கொண்டு. "தேங்க்ஸ் சொல்ற குரல் மாதிரி தெரியல. பரீட்சை ஹாலுக்குக் கூப்பிடற குரலா இருக்கு."

இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொடுத்துவிட்டு, பிறகு சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தவர் மேடம். வாசல் பலகையில் முழுப் பெயர் இருந்தாலும் தெருவுக்கே அவர் மேடம்தான். லொள்ளு அவருடைய ஒரே உதவியாளன். வயது முப்பது. வாய்க்கு மட்டும் அதைவிட வயது அதிகம். காரை ஓட்டுவது, போட்டோ எடுப்பது, மேடம் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அவனுக்கு மூன்று வேலைகள். மூன்றாவதை அவன் இன்றுவரை ஒழுங்காகச் செய்ததில்லை.

புரொஃபசரின் வழக்கு அப்படியொன்றும் பெரியதில்லை. தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். வங்கி மேனேஜரான மகளோடு இருக்கிறார். பகலில் பார்த்துக்கொள்ள ஏஜென்சியிலிருந்து ஒரு நர்ஸ் வருவார். போன வாரத்துக்கு முந்தின வாரம் வியாழக்கிழமை காலை, மகள் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது, அப்பா குளியலறையில் விழுந்து கிடந்தார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அந்த ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார்.

வெளிநாட்டில் இருக்கும் மகன்தான் மேடத்துக்குப் போன் செய்தான். "எங்கப்பாவைத் தனியா விட்டுட்டுப் போனது யாருன்னு எனக்குத் தெரியணும்." அவ்வளவுதான் கேட்டான்.

மகள் சொன்னது இது: திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வெளியூரில் டிரெயினிங், ராத்திரியும் கூடவே இருப்பதாக நர்ஸ் ஒப்புக்கொண்டார். நர்ஸ் சொன்னது வேறு: மேனேஜரம்மாவே லீவு போட்டு வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள், அதனால் அந்த வாரம் நான் அந்த வீட்டுப் படியே ஏறவில்லை. இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். எல்லாம் வாய்ப்பேச்சு, அத்தாட்சி எதுவும் கிடையாது.

சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போன மேடம், புரொஃபசரின் அறையைச் சுற்றிவந்து ஜன்னலருகே நின்றார். வெயில் விழும் திண்டில் ஒரு மண்தொட்டி. அதில் இளஞ்சிவப்புக் காசித்தும்பை, பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. மேடம் மண்ணில் விரலை வைத்துப் பார்த்தார். ஈரம்.

வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. காசித்தும்பைக்கு ஒருநாள் தண்ணீர் காட்டாவிட்டால் தலை தொங்கிவிடும். நான்கைந்து நாள் என்றால் குப்பைதான். புரொஃபசரால் தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியாது. வியாழக்கிழமைக்குப் பிறகுதான் தான் தண்ணீர் ஊற்றியதாகவும், அதற்கு முன் செடியைத் தொடவே இல்லை என்றும் மகள் சொல்லிவிட்டாள். அப்படியென்றால் அந்த வாரம் நர்ஸ் வந்திருக்கிறார், தண்ணீர் ஊற்றியிருக்கிறார், பாதியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், கடைசியில் வரவே இல்லை என்று சாதிக்கிறார்.

ஏஜென்சி அலுவலகத்தில் வைத்து, முதலாளியம்மா முன்னால், அடுத்த டியூட்டிக்காக வரிசையாக உட்கார்ந்திருந்த நர்ஸுகள் அத்தனை பேர் முன்னால், மேடம் இதை அழகாக விளக்கினார். முடிவில் லொள்ளு தன் பங்குக்கு, "சிஸ்டர் வரலையாம். பாவம், பூ தானே பைப்படிக்கு நடந்துபோய்க் குளிச்சிட்டு வந்து உட்கார்ந்திருக்கு," என்றான். அறையே சிரித்தது. முதலாளியம்மா அங்கேயே நர்ஸின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நர்ஸ் எதுவும் பேசவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மகனுக்கு அன்று சாயங்காலமே தகவல் போனது. மேடம் நிம்மதியாகத் தூங்கினார்.

"டீயைக் கொட்டிட்டு வண்டியை எடு," என்றார் இப்போது.

புரொஃபசர் கட்டிலில் இரண்டு தலையணைக்கு மேல் சாய்ந்திருந்தார். ஒரு கன்னத்தில் காயம் கறுத்திருந்தது. மகள் அறை வாசலில் மாத்திரைத் தட்டோடு நின்றாள். கண்களுக்குக் கீழே கருவளையம். வந்தவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள், ஆனால் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"உட்காருங்க," என்றார் புரொஃபசர். "சிஸ்டரை வேலையை விட்டு எடுத்துட்டாங்கன்னு ராத்திரிதான் எனக்குத் தெரியும். என் பையன் போன்ல பெருமையா சொன்னான். நீங்க பூவை வெச்சே கண்டுபிடிச்சிட்டீங்களாம்."

"ஆமாம் சார்."

"எனக்கு விழுந்தப்ப நடந்தது எதுவும் சரியா ஞாபகம் இல்லை." இதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. "ஆனா உங்களுக்கு ஒரு கேள்வி வெச்சிருக்கேன். முப்பது வருஷமா எல்லா பேட்ச்சுக்கும் கேட்ட கேள்வி. ஒரு பூக்கும் தாவரத்தையும் ஒரு பாசியையும் ஒப்பிடுக."

லொள்ளு வாயைத் திறந்தான். "எத்தனை மார்க் சார்?"

"பத்து. நீங்க ஃபெயில் ஆனா ஒரு பொம்பளையோட பொழப்பு போயிடும்."

"சுடுதண்ணி எடுத்துட்டு வரேன்ப்பா," என்று சொல்லிவிட்டு மகள் சமையலறைப் பக்கம் போனாள். புரொஃபசர் கண்களை மூடிக்கொண்டார். தூக்கமில்லை, இனி பேசமாட்டேன் என்பதற்காக மூடிய கண்கள்.

மேடம் எழுந்து ஜன்னலருகே போனார். காசித்தும்பை அன்று போலவே பூத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தட்டையான மண்தட்டு. அதில் ஒரு கல். கல்லின் மேல் காய்ந்துபோன தேங்காய் நார் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுவா பாசி?" என்றான் லொள்ளு. "குளத்துல வழுக்குமே, அது இல்லையா?"

"அது வேற. இது ஈரச் சுவத்துல பச்சை வெல்வெட் மாதிரி படர்ந்திருக்குமே, அது. ஒப்பிடு, பார்க்கலாம்."

"நானா? ஸ்கூல்ல இதே கேள்விக்கு முட்டை வாங்கினவன் மேடம் நான்." தலையைச் சொறிந்தான். "பூச்செடிக்குப் பூ உண்டு, பாசிக்குக் கிடையாது. பூச்செடிக்கு விதை. பாசிக்கு ஏதோ பவுடர்."

"ஸ்போர்," என்றார் புரொஃபசர், கண்ணைத் திறக்காமலே.

"அதேதான் சார். பூச்செடிக்கு வேர் உண்டு, பாசிக்கு வேர் கிடையாது. இது உயிரோட இருக்கு, அது செத்துப்போச்சு. அவ்வளவுதான், பேப்பரைக் கட்டிக் கொடுத்துடறேன்."

திண்டில் ஒரு ஸ்ப்ரே பாட்டில் இருந்தது. மேடம் அதை எடுத்து, அந்த நாரின் மேல் நன்றாக அடித்தார். ஒரு நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. பிறகு சுருண்டிருந்தவை ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தன. பழுப்புக்கு அடியிலிருந்து பச்சை வந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல்லின் மேல் சின்னஞ்சிறு இலைகள் நிமிர்ந்து நின்றன.

"செத்தது எழுந்து உட்காருது மேடம்," என்றான் லொள்ளு. அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

"சாகல. வேர் இல்லாததால அது உடம்பாலேயே தண்ணி குடிக்கும். தண்ணி இல்லைன்னா சுருண்டு படுத்துக்கும். பட்டா எழுந்துக்கும்." மேடம் மெதுவாகப் பேசினார். "பூச்செடிக்கு அந்த வித்தை தெரியாது. அது காஞ்சா காஞ்சதுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. ஏதோ தப்பாகப் போகிறது என்று அர்த்தம்.

"லொள்ளு, சனிக்கிழமை எடுத்த போட்டோவைக் காட்டு."

போனை நீட்டினான். போட்டோவின் நடுவில் காசித்தும்பை, அடியில் ஈரத்தால் கறுத்த மண். ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில், அந்தத் தட்டு. பாசி அன்றைக்கே பழுப்பாகச் சுருண்டு கிடந்தது.

"சார், சிஸ்டர் தண்ணி ஊத்தறப்போ எதுக்கு முதல்ல ஊத்துவாங்க?"

"பாசிக்கு. நான் சொல்லி வெச்ச முறை. பாசிக்கு ஸ்ப்ரே அடிச்சிட்டுத்தான் பூவுக்குப் போகணும். பூவை எல்லாரும் கவனிச்சுப்பாங்க, இதை மறந்துடுவாங்க. சிஸ்டர் ஒருநாளும் மறந்ததில்லை."

மேடம் காசித்தும்பையின் தண்டை அடியில் பிடித்து மெல்ல இழுத்தார். செடி எந்தச் சிரமமும் இல்லாமல் மண்கட்டியோடு வெளியே வந்தது. வேர் தொட்டியின் வடிவத்தில் பரவியிருக்கவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில், செடிக் கடையில் விற்கும் கறுப்புப் பையின் வடிவம் அப்படியே இருந்தது. தொட்டியின் உள்பக்கத்தில் பழைய வேரின் மிச்சங்கள் காய்ந்து ஒட்டியிருந்தன.

ஒரே திண்டு, ஒரே வெயில். பாசி தண்ணீரே வரவில்லை என்கிறது. பூ தினமும் வந்தது என்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று எதிர்எதிராகச் சாட்சி சொல்கின்றன. பாசியைக் கடையில் போய் வாங்கி மாற்ற யாருக்கும் தோன்றாது. பூவை வாங்கிவிடலாம்.

மேடம் செடியைத் திரும்பத் தொட்டியில் வைத்து, மண்ணை அழுத்தினார். அவர் காதோரம் சிவந்திருந்தது. இருபது வருஷமாகப் பொய்க் கிளெய்ம் பிடித்தவர், பக்கத்தில் இருந்த தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு பெண்ணின் பிழைப்பைப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறார்.

"போகலாம்," என்றார்.

மருத்துவமனையிலிருந்து இந்த வீட்டுக்கு வரும் வழியில் இருப்பது ஒரே ஒரு செடிக் கடை. கடைக்காரர் ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு ரோஜாப் பதியன்களை நனைத்துக்கொண்டிருந்தார்.

"காசித்தும்பையா? தினமும்தான் விக்கறேன்," என்றார்.

"போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை. நீங்க கடை திறக்கறப்போவே வந்திருப்பாங்க," என்றார் மேடம்.

"அவங்களா? எப்படி மறப்பேன். காஞ்சுபோன செடியைத் தொட்டியோட தூக்கிட்டு வந்தாங்க. இதே உயரம், இதே கலர், இதே தொட்டியில வெச்சுக் கொடுங்கன்னாங்க. பொதுவா செத்த செடியைக் கொண்டுவந்தா சண்டைக்குத்தான் வருவாங்க. உங்க கடையில வாங்கினதுதான், பணத்தைத் திருப்பிக் கொடும்பாங்க. இவங்க கெஞ்சினாங்க."

"கெஞ்சினாங்களா?"

"சீக்கிரம் சீக்கிரம்னு. ஆமா, கழுத்துல ஒரு அட்டை தொங்கிட்டு இருந்தது. பேஷன்ட் கூட இருக்கறவங்களுக்கு ஆஸ்பத்திரியில கொடுப்பாங்களே, அந்த அட்டை. கழட்டக்கூட மறந்திருக்காங்க பாவம்."

லொள்ளு மேடத்தைப் பார்த்தான். நர்ஸ் ஒருநாள்கூட புரொஃபசரின் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. அங்கே இரவும் பகலும் இருந்தது ஒருத்திதான்.

"அந்தச் செத்த செடி?"

கடைக்காரர் பின்பக்கம் உரக்குழியைக் காட்டினார். சருகுகளுக்கு மேல், தொட்டியின் வடிவத்திலேயே வேர் கெட்டிப்பட்டுப்போன ஒரு காய்ந்த காசித்தும்பை கிடந்தது. மேடம் குனிந்து அதை எடுத்தார். கையில் பிடித்ததும் தண்டு முறிந்தது.

காரில் ஏறியதும் லொள்ளு சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"மேடம், அன்னிக்கு ஏஜென்சியில நான் ஒண்ணு சொன்னேன்ல."

"சொன்னே."

"அது நல்லாவே இல்லை மேடம்."

"நான் சொன்னது மட்டும் நல்லா இருந்ததா? வண்டியை எடு."

மகள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மேடம் கையில் இருந்த சருகைப் பார்த்ததும் குழாயை மூடினாள். மூடிய பிறகும் கையைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை.

"டிரெயினிங் எதுவும் இல்லைதானே?" என்றார் மேடம்.

"இல்லை."

"சிஸ்டரை வரவேண்டாம்னு சொன்னது?"

"நான்தான். அவங்களுக்கு ஏதோ லீவு வேணும்னாங்க. நான் பேங்க்ல லீவு போட்டுட்டு வீட்ல இருக்கேன்னு சொன்னேன். நிஜமாவே இருக்கணும்னுதான் நினைச்சேன்." அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "திங்கட்கிழமை மருந்து வாங்கப் போனேன். மெடிக்கல் ஷாப்புக்கு எதிர்ல பஸ் ஸ்டாண்டு. ஒரு பஸ் கிளம்பிட்டு இருந்தது. ஏறிட்டேன்."

"எங்க போனீங்க?"

"தெரியாத ஊரு. ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டேன்." குழாயிலிருந்து கையை எடுத்தாள். "நீங்க என்ன நினைக்கறீங்கன்னு தெரியும். அங்க எனக்கு யாரும் இல்லை. தூங்கினேன். அவ்வளவுதான் பண்ணினேன். கதவைச் சாத்திட்டுத் தூங்கினேன். ஏழு வருஷமா ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கேன்னு எனக்கே தெரியாது. இதைப் போய் எப்படி அண்ணன்கிட்ட சொல்றது? அப்பாவை விட்டுட்டுத் தூங்கப் போனேன்னா?"

"நாலு நாள் தனியா இருக்கட்டும்னு விட்டீங்களா?" என்று கேட்டான் லொள்ளு. அவன் கேள்வியில் இந்த முறை கேலி இல்லை.

"இல்லைங்க. ஒரு ராத்திரிதான். மறுநாள் காலையில கிளம்பறதாத்தான் இருந்தேன்." அவள் நிறுத்தினாள்.

"அப்புறம் ஏன் கிளம்பல?"

மகள் அப்பாவின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டாள். இவ்வளவையும் ஒப்புக்கொண்டவள் இன்னும் எதையோ மறைக்கிறாள் என்பது லொள்ளுவுக்கே புரிந்தது.

"நான் சொல்றேன்," என்று குரல் வந்தது.

புரொஃபசர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. மகள் ஓடிப்போய்ப் பிடித்தாள். அவர் உட்கார மறுத்துவிட்டார்.

"அன்னிக்கு ராத்திரி போன் பண்ணினா. குரல்ல தூக்கம். நல்ல தூக்கத்துலேர்ந்து எழுந்தவளோட குரல். இவ குரல் அப்படி இருந்து நான் கேட்டு வருஷக்கணக்கா ஆச்சு." அவர் மேடத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "சிஸ்டர் லீவை விட்டுட்டு வந்துட்டாங்கம்மா, சமைச்சுக்கூட வெச்சுட்டாங்க, நீ நிதானமா வான்னு சொன்னேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன்."

"சிஸ்டர் வரவே இல்லையே சார்."

"வரலை. பிரிட்ஜ்ல இருந்ததைச் சாப்பிட்டுக்கலாம், சமாளிச்சுடலாம்னு நினைச்சேன். என் பொண்ணுக்கு ரெண்டு நாள் தூக்கத்தைக் கொடுத்துட்டேன்னு பெருமையா வேற இருந்தது. மூணாம் நாள் விழுந்துட்டேன்."

மேடத்துக்கு இப்போது எல்லாம் விளங்கியது. மகள் வியாழக்கிழமை வந்தபோது, நர்ஸ்தான் அப்பாவை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று உண்மையாகவே நம்பியிருக்கிறாள். அந்த ஆத்திரத்தில் அண்ணனிடம் சொல்லியும்விட்டாள். சனிக்கிழமை காலை உடை எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் காய்ந்த செடியைப் பார்த்திருக்கிறாள். வாரம் முழுக்க இந்த வீட்டுக்கு யாருமே வரவில்லை, அப்பா தனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார் என்பது அந்த நொடியில் தெரிந்துவிட்டது. துப்பறிகிறவர்கள் வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தொட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடியிருக்கிறாள்.

"அப்பா பொய் சொன்னார்னு யார்கிட்டயும் சொல்ல எனக்கு மனசு வரலை," என்றாள் மகள். "செடியை மட்டும்தான் மாத்தினேன். சிஸ்டரைப் பத்தி நான் நினைக்கவே இல்லை. அதை நினைச்சாத்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுது. அவங்களைப் பத்தி ஒரு நிமிஷம்கூட நினைக்கல."

"பாசியை ஏன் விட்டீங்க?" லொள்ளு தாங்கமாட்டாமல் கேட்டான்.

"அதுவா? அது எப்பவும் அப்படித்தானே இருக்கும்னு நினைச்சேன்."

தாவரவியல் புரொஃபசரின் மகள் சொன்ன பதில் அது. வேறு சமயமாக இருந்தால் புரொஃபசர் திட்டியிருப்பார். இப்போது அவர் வாக்கரின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார்.

"ராத்திரி பையன் போன்ல சொன்னப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும். மகளைக் காட்டிக் கொடுக்க மனசு வரலை. என் பொய்யைச் சொல்லவும் வெட்கமா இருந்தது. கேள்வி வெச்சேன், கோழை மாதிரி." அவர் கண் கலங்கியிருந்தது. "சிஸ்டர் வீடு ரெண்டு தெரு தள்ளிதான், போன் பண்ணி வர முடியுமான்னு கேட்டிருக்கலாம். விழுந்து கிடந்தப்போ கத்தி ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். யாராவது வந்தா பொய் வெளியே வந்துடுமேன்னு முதல்ல கத்தல. அப்புறம் கத்த முடியல."

மகள் அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மேடம் கையிலிருந்த சருகை மேடைமேல் வைத்தார்.

"உங்க அண்ணனுக்கு நீங்களே போன் பண்ணுங்க. இப்பவே," என்றார். "நாங்க வேற ஒரு இடத்துக்குப் போகணும்."

முதலாளியம்மா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "தப்பு நடந்துபோச்சு, நானே போன்ல கூப்பிட்டுச் சொல்லிடறேன். எதுக்கு எல்லாரையும் கூட்டணும்? நம்ம ரெண்டு பேருக்கும்தானே அசிங்கம்."

"எங்க வெச்சுப் பேசினேனோ அங்க வெச்சுத்தான் சொல்லணும்," என்றார் மேடம். "அன்னிக்கு இருந்தவங்க அத்தனை பேரும் இருக்கணும்."

அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. லொள்ளு அதை இதற்கு முன் கேட்டதில்லை.

சாயங்காலம் டியூட்டி மாறும் நேரத்தில் அறை நிறைந்துவிட்டது. அதே பெஞ்ச்சுகள், அதே முகங்கள். நர்ஸ் கடைசியாக வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பையை வலது தோளில் மாட்டி, இடது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்.

மேடம் எழுந்து நின்று சொன்னார். பூவைப் பார்த்ததையும் பாசியைப் பார்க்காமல் விட்டதையும் மறைக்காமல் சொன்னார். அந்த வீட்டுக் கதையில் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் சொன்னார். "சிஸ்டர் சொன்னதெல்லாம் உண்மை. பொய் சொன்னாங்கன்னு இதே இடத்துல நின்னு சொன்னது நான். தப்பு என் மேல. மன்னிச்சிடுங்க."

இருபது வருஷத்தில் அவர் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்லி முடித்த பிறகும் மனசு லேசாகவில்லை. அன்று சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

லொள்ளு எழுந்தான். "சிஸ்டர், நானும்," என்று ஆரம்பித்தான். அவன் வாய் அவனைக் கைவிட்டுவிட்டது. அப்படியே கைகூப்பிவிட்டு உட்கார்ந்தான்.

முதலாளியம்மா மேஜை டிராயரிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். நர்ஸ் வலது கையால் வாங்கிக்கொண்டார். "நாளைக்கு எந்த வீடு?" என்று மட்டும் கேட்டார்.

"அந்த வீட்லயே திரும்பக் கேக்கறாங்க. அவங்க பொண்ணு அழுதுட்டே போன் பண்ணாங்க."

"பார்க்கலாம். சாருக்குக் காயம் ஆறிடுச்சா?"

அறை கலைந்தது. நர்ஸ் படியிறங்கும்போது மேடம் பின்னாலேயே போனார். வாசலில் வைத்து, "சிஸ்டர், உங்களை ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

நர்ஸ் நின்றார்.

"அன்னிக்கு நான் அவ்வளவு பேசினேன். நீங்க ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. ஏன்?"

"நான் அங்க போகலைன்னு சொன்னேனே மேடம். நீங்க நம்பல."

"இல்லை, அந்த நாலு நாளும்..." மேடம் பாதியில் நிறுத்தினார். கேள்வி வாய்க்கு வந்த பிறகுதான் அது என்ன கேள்வி என்று அவருக்கே தெரிந்தது. இவ்வளவு நாளில் அதை அவர் கேட்கவே இல்லை. மண்ணைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், பூவை எண்ணிப் பார்த்திருக்கிறார், வேரைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறார். வழக்கைப் பூவை வைத்தே முடித்துவிட்ட சந்தோஷத்தில், எந்தப் போலீஸ்காரரும் முதலில் கேட்கிற கேள்வியை விட்டுவிட்டார்.

"அந்த நாலு நாளும் நீங்க எங்க இருந்தீங்க?" என்றார்.

நர்ஸ் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தேன் மேடம். மார்புல கட்டி. வெட்டி எடுத்தாங்க." இடது கையை இன்னும் உடம்போடு சேர்த்துக்கொண்டார். "சீட்டு, தையல், டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரங்க, எல்லாம் சாட்சி இருந்தது. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கற இடத்துல, அந்தத் தம்பி நிக்கறப்போ, அதை எப்படிச் சொல்றது? தெரிஞ்சா ஏஜென்சியிலயும் வேலை கொடுக்க யோசிப்பாங்க. ஒரு நிமிஷம் தனியா கூப்பிட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றார் கடைசியில்.

"டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. ரிசல்ட் இன்னும் வரல." நர்ஸ் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "நீங்கதான் மேடம் முதல்ல கேக்கறது."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். லொள்ளு காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். மேடம் ஏறவில்லை. நர்ஸ் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.